வழிகாட்டிக்கு எழுதிய கடிதம்

இராசேஸ்வரி காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். சப்பாத்துக்குள் போடுகிற சாதாரணக் காலுறை அல்ல. அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற காடாத் துணி உறை. நூலால் பின்னிய காலுறை என்றால் பசித்த அட்டை இழைபோல் மெலிந்து கண்ணிகளுக்குள் நுழைந்துவிடும். ஆகவே துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், தையல் இரட்டையாக ஓட வேண்டும், மேலே நாடா வேண்டும். தைத்து முடித்தபின் புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். மொத்தம் நான்கு ஜோடி. இரண்டு தம்பி கனகலிங்கத்துக்கு, இரண்டு அவனோடு போகும் சபாபதிக்கு.

1933ஆம் ஆண்டு நவம்பர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நூறு குவார்ட்டர்ஸ் என்கிற ரயில்வே குடியிருப்பில், அவர்கள் வீட்டு முன்னறையில் ஆண்கள் இருவரும் மேசைமேல் படத்தை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு கோப்பைகளை வைத்திருந்தார்கள். படத்தில் இருந்தது பகாங் காட்டுக்குள் இருக்கும் குனோங் தாஹான். ஏழாயிரத்து நூற்றுச் சொச்சம் அடி. தீபகற்பத்தில் அதைவிட உயரமான மலை கிடையாது. ரயிலில் போய் இறங்கி, படகில் ஆற்றோடு ஏறி, பிறகு காட்டு வழியாக நடந்து, ஏறி இறங்கப் பதினாறு நாள் என்று கனகலிங்கம் கணக்குப் போட்டிருந்தான்.

"அண்ணே, கைட் இல்லாம போனா எப்படி லா?" என்றான் சபாபதி. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். முப்பத்தைந்து வயது, கதவை அடைக்கிற மாதிரி தோள். "ஆத்தயே ஏழு எடத்துல தாண்டணும்னு நீங்கதான் சொன்னீங்க. எந்தக் கல்லுல கால வைக்கணும்னு அங்கயே பொறந்தவனுக்குத்தான் தெரியும்."

"இந்த மலையை நான் எத்தினை தரம் கீறியிருக்கிறன் தெரியுமே? என்ரை பென்சில் ஏறாத இடம் அதிலை இல்லை."

"பென்சில அட்டை கடிக்காது அண்ணே."

இராசேஸ்வரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சிரித்தாள். கனகலிங்கமும் சிரித்தான். ஆனால் வழிகாட்டி வேண்டாம் என்பதில் அவன் அசையவில்லை. சபாபதி குடையை விரித்துக்கொண்டு வெளியேறியதும் அவன் எழுந்து கதவைச் சாத்தப் போனான். போகிற வழியில் இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டான்.

"அந்த நிலையோடை உனக்கு என்ன கோவம்?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

இராசேஸ்வரி யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதில் கல்யாணமாகி, பத்தொன்பதில் நெருப்புக் காய்ச்சலுக்குப் புருஷனைக் கொடுத்தவள். வீட்டில் மூலையில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். ஒரு மாமன்தான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். 1912இல் தம்பிக்கு மலாயா ரயில்வேயில் படம் வரைகிற வேலை கிடைத்தபோது அவளும் கூட வந்தாள். கிள்ளானில் பதினோரு வருடம், பிறகு கோலாலம்பூரில் பெண்கள் வார்டில் ஒன்பது வருடம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள் என்று பெயர். பிரிக்பீல்ட்ஸில் யாருக்கு வயிற்றுவலி கண்டாலும் ஆள் அவளைத் தேடித்தான் வரும்.

கனகலிங்கத்தின் மனைவி முதல் பிரசவத்தோடு போய்விட்டாள். குழந்தையும் நிற்கவில்லை. அதன்பின் அக்காளும் தம்பியும் ஒரு வீடு. அவள் சமைப்பாள், அதட்டுவாள். அவன் சாப்பிடுவான், அதட்டலைக் கேட்டுக்கொள்வான்.

வார்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எதையும் முதலில் செய்துவிட்டுப் பிறகுதான் சொல்வாள். சீழ் கட்டிய இடத்தைக் கீறட்டுமா என்று அவள் கேட்டதில்லை. பேசிக்கொண்டே கீறிவிடுவாள். அந்த ஆள் "ஐயோ" என்று வாய் திறக்கும்போது பஞ்சு வைத்தாகிவிடும். நோயாளியின் சம்மதத்துக்காக நின்றுகொண்டிருந்தால் பாதிப் பேர் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதனால்தான் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தம்பியின் கண் விஷயம் முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. விளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிகிறது என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். அடுத்த மாதம் பக்கவாட்டில் வந்த சைக்கிளைப் பார்க்காமல் அதன்மேல் நடந்தான். அவள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நேரே தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, விரலைக் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

"விரல் தெரியேக்கை சொல்லு."

விரல் கிட்டத்தட்ட அவள் மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் "தெரியுது" என்றான். மற்றப் பக்கமும் அப்படித்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிற நோய். நடுவில் ஒரு வளையம் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். மயிரிழைக் கோட்டைப் பிசகில்லாமல் இழுக்கலாம். காலடியில் கிடக்கும் வாளிதான் தெரியாது. படம் வரைகிறவன் அந்த நோயை வருஷக்கணக்கில் ஒளித்துவைக்கலாம். ஒளித்து வைத்தான்.

சிங்கப்பூரில் ஒரு கண் டாக்டரிடம் அவளே கூட்டிப்போனாள். அவர் காலையும் மாலையும் விடச் சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அது நோயைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், திருப்பி அனுப்பாது என்றார். ஆபரேஷன் செய்தால் மிச்சம் நிற்கலாம், சிலருக்கு மிச்சமும் போவதுண்டு. மருந்தோடு பார்வை இரண்டு வருடம் நிற்கும், அதிகம் போனால் மூன்று.

"முதலிலை மலை. பேந்து கத்தி," என்றான் கனகலிங்கம், ரயிலில் திரும்பி வரும்போது.

"மலையிலை அப்பிடி என்ன கிடக்கு?"

அன்றைக்குத்தான் சொன்னான். 1922இல், கிழக்கு ரயில் பாதை போடுவதற்காக அந்தப் பக்கத்துப் படங்களையெல்லாம் அவன் கையால் பிரதி எடுத்தார்கள். தாஹான் மலையின் தென் சரிவில் ஆறாயிரம் அடி உயரத்தைக் காட்டிச் சுற்றி வரும் கோடு ஓரிடத்தில் அறுந்து கிடந்தது. அளந்தவர்கள் மேகத்தில் பார்க்காமல் விட்ட இடம். இரண்டு நுனிக்கும் நடுவே அரை அங்குலம் வெறும் காகிதம். கனகலிங்கத்துக்கு அந்த வெற்றிடம் அசிங்கமாகப் பட்டது. கை போன போக்கில் மூக்குப்போல் ஒரு வளைவு போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த பிரதிகளில் எல்லாம் அந்த மூக்கு ஏறிவிட்டது. இப்போது அது அச்சிலும் இருக்கிறது.

"காணாத இடத்தைக் கண்டவன் மாதிரிக் கீறிப்போட்டன் அக்கா. அதை ஒருக்காப் பாக்கவேணும். கண் இருக்கேக்கையே பாக்கவேணும்."

அவளுக்கு அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. அரை அங்குலக் கோட்டுக்காக ஒருவன் காட்டுக்குள் போவானா? ஆனால் அவன் அவளிடம் கேட்டதெல்லாம் வாழ்நாளிலேயே இது ஒன்றுதான். "சரி, போ" என்று சொல்லியிருந்தாள்.

அப்போது வழிகாட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது, நிலையில் இடித்த தோளைத் தடவிக்கொண்டு அவன் வந்து உட்கார்ந்தபோது யோசித்தாள்.

"சபாபதி சொல்லுறது சரிதானே. உனக்குக் காலடி தெரியாது. ஆத்துக் கல்லிலை என்ன செய்வாய்?"

"சபாபதி இருக்கிறான்."

"அவனுக்கு உன்ரை கண்ணைப்பற்றித் தெரியாது."

"போய்ச் சேந்தபிறகு சொல்லுவன். அவன் ஆருக்கும் சொல்லமாட்டான். வழிகாட்டி எண்டா அப்பிடியே? ஒரு மணித்தியாலம் நான் நடக்கிறதைப் பாத்தாப் போதும், அவனுக்கு விளங்கியிடும். அவன் படகுக்காரனுக்குச் சொல்லுவான். படகுக்காரன் ஸ்டேஷனிலை சொல்லுவான். ஸ்டேஷன் எங்கடை ஆக்கள். பிறகு நான் திரும்பி வாறத்துக்கு முதலே என்ரை கதிரையிலை வேறை ஆள் இருப்பான்."

"வேலை போனாப் போகட்டும். கழுத்து முறிஞ்சா?"

"கழுத்து என்ரை கழுத்து."

அதோடு பேச்சு முடிந்தது. அவன் அரிசி, கருவாடு, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, கம்பளி என்று பட்டியல் எழுதத் தொடங்கினான். தலையைத் திருப்பித் திருப்பி, ஒரு சின்னத் துவாரத்தின் வழியே பார்க்கிறவன்போல் எழுதினான். அவள் மூன்றாவது ஜோடியை எடுத்தாள்.

அவனிடம் மறுபடி கேட்டிருக்கலாம். மறுநாள் கேட்டிருக்கலாம், அதற்கு மறுநாளும் கேட்டிருக்கலாம். அவன் பிடிவாதக்காரன்தான். ஆனால் இறுகிய பிடிவாதம் அல்ல. கத்தரிக்காய் வேண்டாம் என்று மூன்று நாள் சொல்லி நான்காம் நாள் தின்கிற ரகம். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: இது நோயாளியைக் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் அவள் ஒரு கடிதம் எழுதினாள். தாஹானுக்குப் போகிறவர்கள் இறங்குகிற அந்தச் சின்ன ஸ்டேஷனில் அப்போது ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் முத்துக்குமாரு. அவள் புருஷனுக்குச் சிற்றப்பா மகன் முறை. தங்கமான மனிதர். தை மாதம் கழித்து, ஆறு வற்றியதும் தம்பி வருகிறான் என்றும், ஆற்றங்கரைக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், நம்பிக்கையான வழிகாட்டி ஒருவரைப் பேசி வைக்கும்படியும் எழுதினாள். வழிகாட்டி தற்செயலாக அந்தப் பக்கம் போகிறவர்போல் கூடச் சேர்ந்துகொண்டால் நல்லது, ஏனென்றால் தம்பிக்கு இது தெரியாது. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வழிகாட்டிக்கு விஷயம் தெரியாவிட்டால் எதைக் கவனிப்பார்? குறிப்பு எழுதாமல் நோயாளியை அடுத்த வார்டுக்கு அனுப்பிப் பழக்கமில்லாதவள் அவள். கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள்: தம்பிக்கு இரண்டு பக்கமும் பார்வை இல்லை, நேரே மட்டும் தெரியும். இது தங்களோடு இருக்கட்டும்.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

முத்துக்குமாரு யாரிடமும் கோள் சொல்லவில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. வண்டி மாறவேண்டிய ஜங்ஷனில் இருந்த மாஸ்டர் அவருடைய மச்சான். அவரை ரயில்வே டெலிபோனில் கூப்பிட்டு, "கனகலிங்கம் வருவார், பிளாட்பாரம் மாறேக்கை ஒரு ஆளை விட்டுக் கவனிச்சுக்கொள்ளுங்கோ, கண் கொஞ்சம் பலவீனம்," என்றார். மச்சானும் நல்லவர். அடுத்த பெரிய ஸ்டேஷனில் இருந்த தன் ஊர்க்காரரிடம், பாவம், ஒரு கண் போய்விட்டதாம், உங்களிடத்தில் வண்டி நிற்கும்போது சாப்பாடு கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டே கோலாலம்பூரில் இன்னொருவருக்குச் சொன்னார். அங்கே வந்து சேரும்போது கனகலிங்கம் கைபிடித்துத்தான் நடக்கிறார் என்று ஆகியிருந்தது. வழி நெடுக ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வாய் திறக்கவில்லை. எல்லோருமே உதவி செய்தார்கள். இந்தத் தண்டவாளத்தில் பாதி ஸ்டேஷன்களில் ஒருவருக்கொருவர் மச்சான், மாமன், ஊர்க்காரர் என்பது இராசேஸ்வரிக்கு இருபது வருடமாகத் தெரியும். அதை நம்பித்தான் கடிதமே எழுதினாள். அந்தக் கம்பியில் போன பேச்சு திரும்பியும் வரும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள் கனகலிங்கம் பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தான். காய்ச்சல் என்றாலும் அந்த நேரத்தில் வருகிறவன் அல்ல. தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"மெடிக்கல் போர்டுக்குப் போகட்டாம். கண்ணைப் பாக்கவேணுமாம். துரை நல்ல மரியாதையாத்தான் சொன்னவர்." பிறகு கேட்டான். "ஆர் அக்கா சொல்லியிருப்பினம்?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

தன் வாழ்நாளில் அவள் சொன்ன பொய்கள் அதிகமில்லை. சாகக் கிடக்கிறவர்களிடம் நாளைக்கு எழும்பிவிடலாம் என்று சொன்னதுண்டு. அதெல்லாம் அவள் கணக்கில் பொய் இல்லை. இதுதான் பொய்.

போர்டில் உட்கார்ந்த டாக்டர் கண்ணைத் தொட்டுப் பார்த்தார், கல்லுப்போல் இருக்கிறது என்றார். வீட்டுக்கே அனுப்பவில்லை. நேரே வார்டு, மூன்றாம் நாள் ஆபரேஷன். புத்தகத்தில் இருக்கிறபடி அதுதான் சரி. அந்த இடத்தில் அவளே டாக்டராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கண் தானாகவே போயிருக்குமா, இல்லை இரண்டு வருடம் இருந்திருக்குமா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வழியில்லாததுதான் பின்னால் அவளை அதிகம் அரித்தது.

பத்து நாள் இரண்டு கண்ணும் கட்டியிருந்தது. தலை அசையாதிருக்க இரண்டு பக்கமும் மணல் பைகள். இராசேஸ்வரி பக்கத்திலிருந்து கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். தும்மல் வந்தால் மூக்கின் மேல் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். பத்தாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொன்னான். கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்றான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"ஜன்னல் தெரியுதுதானே, அது நல்லது," என்றாள்.

"ஓம். ஜன்னல் நல்லாத் தெரியுது," என்றான் அவன்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே முத்துக்குமாருவின் பதில் வந்திருந்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாள். ஒருமுறை வாசித்துவிட்டு மடித்து, தன் தையல் பெட்டியில் நூல் உருண்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

கண் போனபின் வேலை எது? பென்ஷன் கடுதாசி வந்தது. ஏப்ரலுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றும் வந்தது. அவள் செந்தூல் பக்கம் ஒரு வீடு பார்த்தாள், சாமான் கட்டத் தொடங்கினாள். அட்டைக் காலுறை நான்கு ஜோடியும் புகையிலை மணத்தோடு அலமாரியில் கிடந்தன. அவற்றை எந்த மூட்டையில் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே விட்டாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சபாபதி வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவனுக்கு லீவும் ரயில் பாஸும் மலைக்கென்று எப்போதோ கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலை வண்டி.

"நான் போகல அண்ணே. பாஸ திருப்பிக் குடுத்துடறேன்."

"ஏன்?"

"நீங்க இல்லாம நான் போயி அங்க என்ன செய்யறது? எனக்கு மலையும் ஒண்ணுதான், செந்தூல் பட்டறைக் கரிக் குவியலும் ஒண்ணுதான்."

"விசர்க் கதை கதையாதை," என்றான் கனகலிங்கம். "நீ போறாய். படத்தைக் கொண்டு போறாய். நான் சொல்லுற ஒரு இடத்தைப் பாத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லுறாய். அதுக்குத்தான் போறாய்."

சபாபதி பழத்தை மேசைமேல் வைத்தான். "சரி அண்ணே. கைட்?"

"உன்ரை இஷ்டம்," என்றான்.

சபாபதி போனபின் இராசேஸ்வரி சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்தாள். தையல் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஒரு மாசமா அந்தப் பெட்டியைத் திறக்கிறாய், மூடுறாய்," என்றான் கனகலிங்கம் நாற்காலியிலிருந்து. "எனக்குக் கண்தான் போனது அக்கா."

அவள் முக்காலியை இழுத்து அவனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் எழுதினனான். முத்துக்குமாருவுக்கு. வழிகாட்டி பாக்கச்சொல்லி எழுதினன். கண்ணைப்பற்றியும் எழுதினன். அதுதான் இஞ்சை வரைக்கும் வந்தது."

"தெரியும்."

"என்னெண்டு?"

"ரண்டு பேருக்குத் தெரிஞ்ச விசயம். நான் சொல்லேல்லை. மிச்சம் ஆர்?"

"அப்ப ஏன் அண்டைக்கு என்னட்டைக் கேட்டனீ?"

"சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. வேர்வை. பிறகு கடிதத்தை எடுத்து, கேட்காமலேயே வாசித்தாள். முத்துக்குமாரு மூன்று தரம் ஆற்றங்கரைக் கம்பத்துக்குப் போயிருந்தார். அங்கே பாக் ஜுசோ என்று ஒரு மலாய்க்காரர், அறுபது வயது, மலைக்கு ஆட்களை அழைத்துப் போய்ப் பழகியவர். பக்கப் பார்வை இல்லாத ஆள் என்றதும் தயங்குவார் என்று முத்துக்குமாரு நினைத்தாராம். அவர் தயங்கவில்லை. முன்பு காய்ச்சலில் கண் இருண்டுபோன ஒரு சர்வேக்காரரை மேலிருந்து கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறாராம். கைபிடித்து அல்ல. கைபிடித்தால் ஒருவர் விழும்போது இருவரும் விழுவார்கள், நடக்கிறவனுக்கும் வெட்கம். இரண்டு முழப் பிரம்பு ஒன்று வெட்டி, ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொள்வார், மறு நுனி பின்னால் வருகிறவர் கையில். முன்னால் போகிறவர் கால் ஏறினால் பிரம்பு ஏறும், இறங்கினால் இறங்கும். பேச வேண்டியதே இல்லை. பின்னால் வருகிறவர் பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு வரலாம். உங்கள் தம்பியை அப்படி உச்சி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டி, திருப்பிக் கொண்டுவந்து விடுவேன் என்று சொன்னார். யாருக்கும் சொல்ல மாட்டார். அவர் பிரம்பைப் பார்த்து வெட்டி வைத்துவிட்டார்.

"அந்தப் பிரம்புக் கதையை இன்னொருக்கா வாசி," என்றான் கனகலிங்கம்.

வாசித்தாள்.

அவன் வலது கையை மடியில் மூடித் திறந்தான், ஏதோ ஒன்றின் பருமனைப் பார்க்கிறவன்போல்.

"இப்பிடி எண்டா நான் போயிருப்பன் அக்கா."

அவள் மடியில் கடிதத்தை நீவிவிட்டாள்.

"நீ என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டனான்தானே. நீ மாட்டன் எண்டாய்."

"ஒருநாள் கேட்டனீ. அண்டைக்கு மாட்டன் எண்டன். அடுத்த நாளும் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். நீ மூண்டாம் நாளும் கேட்டிருக்கலாம்." குரலில் கோபம் இல்லை. படத்தில் பிசகு காட்டுகிற குரல். "நீ என்னை வார்டிலை படுத்துக் கிடக்கிறவனா நினைச்சிட்டாய்."

"ஓம்," என்றாள் இராசேஸ்வரி. "அது நான் விட்ட பிழைதான்."

மன்னிப்பு என்று அவள் கேட்கவில்லை, அவனும் கொடுத்ததாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லை எடுத்துப் பழக்கமில்லை. அவள் கடிதத்தை அவன் கையில் வைத்தாள். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இடியப்பம் சாப்பிட்டார்கள். சொட்டு மருந்து விட்டாள், மிச்சமிருந்த ஜன்னல் வெளிச்சமாவது நிற்கட்டும் என்று. அவன் படுக்கப்போகும்போது மட்டும், "சபாபதியின்ரை வண்டி எத்தினை மணிக்கு?" என்று கேட்டான். அவனுக்கே தெரிந்த நேரம்தான். எட்டு என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவன் வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். கையில் உருட்டிக் கட்டிய படம். இராசேஸ்வரி நான்கு ஜோடி காலுறையையும் ஒரு பையில் போட்டாள். தோளைக் கொடுப்பதற்காக அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவன் வீட்டைவிட்டு வெளியே போகாததற்குக் காரணமே அந்தத் தோளைப் பிடித்து நடக்கிற வெட்கம்தான். பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் தெரிந்தவர்கள்.

அவன் தோளைத் தொடவில்லை. சுவரில் தடவி, ஆணியில் தொங்கிய அவளுடைய நீளக் குடையை எடுத்தான். வளைந்த பிடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு நுனியை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். படி வந்தபோது "படி" என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. குடையே இறங்கிற்று. பின்னால் அவன் இறங்கினான். சாக்கடையைத் தாண்டும்போது ஒருமுறை தடுமாறினான், பிறகு தடுமாறவில்லை. நூறு குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில் யாரோ பல் தேய்த்துக்கொண்டே, "என்ன மாஸ்டர், குடையைப் பிடிச்சுக்கொண்டு எங்கை?" என்றார். "மலைக்கு," என்றான் கனகலிங்கம். அந்த ஆள் சிரித்தார். இராசேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

சபாபதி பிளாட்பாரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்தான். கண் குடைக்குப் போயிற்று.

கனகலிங்கம் படத்தைக் கொடுத்தான். "தெற்குச் சரிவு. ஆறாயிரம் அடிக் கோடு. ஒரு இடத்திலை மூக்கு மாதிரி வளையும், சிவப்பு மையாலை வட்டம் போட்டிருக்கிறன். அப்பிடி ஒரு மூக்கு அங்கை உண்மையா இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வா. இல்லாட்டி இல்லை எண்டு சொல்லு. எனக்காக ஒண்டும் கூட்டிச் சொல்லாதை."

"சொல்ல மாட்டேன் அண்ணே. என் ரெண்டு கண்ணாலயும் நல்லா—" என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான். காது சிவந்துவிட்டது.

"ஓம், ரண்டாலையும் பார்," என்றான் கனகலிங்கம். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். "ஸ்டேஷனிலை முத்துக்குமாருவைக் கேள். பாக் ஜுசோ எண்டு ஒருவர் இருக்கிறார். அவரோடை போ. அவர் இல்லாமல் ஆத்திலை கால் வைக்காதை. நான் வரேல்லை எண்டு அவருக்குச் சொல்லு. வெட்டின பிரம்புக்கு நன்றியெண்டும் சொல்லு."

இராசேஸ்வரி காலுறைப் பையைக் கொடுத்தாள். "ரண்டு ஜோடி உனக்கு. மற்ற ரண்டும் அந்த ஐயாவுக்கு. நாடாவை முழங்காலுக்குக் கீழை கட்டு, மேலை கட்டினா இரத்த ஓட்டம் நிண்டிடும்."

"சரிங்க அக்கா."

வண்டி எட்டு மணிக்குப் புறப்பட்டது. சத்தம் தேயும் வரை கனகலிங்கம் அது போன திசைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு அவன் குடையை நீட்டினான், அவள் நுனியைப் பிடித்தாள். அவசரப்படுத்தாமல், அவன் காலுக்கு ஏற்றபடி நடந்தாள். வழியில் பாசாருக்குப் போகவா, நேரே வீட்டுக்கா என்று அவனிடம் கேட்டாள். பாசாருக்கு என்றான். அங்கே கீரை வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அவனை உட்காரவைத்து, கை கழுவி, மருந்துக் குப்பியை எடுத்தாள்.

"மருந்து விடட்டே?" என்று கேட்டாள்.

"விடு," என்றான்.

எட்டு மணிக்கு விடவேண்டிய மருந்து அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது.